பச்சை பெல்ட்டும் கருகமணியும்: கப்பல் துறை முதல் விமான நிலையச் சோதனை வாசல் வரை

நம் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் பழம்பொருள் காட்சி ஒன்று வைக்கப்போகிறோம், வீட்டில் இருப்பதைக் கொண்டு வாருங்கள் என்று செயலவை கேட்டுக்கொண்டபோது, எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து இரண்டு பொருள்கள் வெளியே வந்தன. ஒன்று பாட்டனாரின் பச்சை பெல்ட். மற்றொன்று பாட்டியாரின் கருகமணி. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான், இரண்டும் ஒரே நாளில் ஒரே சோதனை வாசலில் கழற்றப்பட்டவை என்பது எங்களுக்கு நினைவு வந்தது. மலர்க் குழுவினரிடம் சொன்னோம். "அதையே எழுதுங்கள்" என்றார்கள்.

பள்ளிவாசல்களின் வரலாற்றையும் சங்க முன்னோடிகளின் வரலாற்றையும் எழுதத் தகுதியான பெரியவர்கள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கடைக்காரர்கள். தொப்பி, கைலி, பர்தா, இஹ்ராம் துணி விற்பவர்கள். நம் மக்கள் உடம்பில் என்ன அணிந்து பயணம் போனார்கள், அதனால் என்ன பட்டார்கள் என்பதே எங்களுக்குத் தெரிந்த வரலாறு.

அந்த பெல்ட்டை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க வழியில்லை. உள்ளங்கை அகலம் இருக்கும். கனத்த தோல், பச்சைச் சாயம், முன்பக்கம் பித்தளைக் கொக்கி, பக்கத்தில் அமுக்குப் பொத்தான் வைத்த பைகள். கைலியின் மேல் இறுக்கிக் கட்டினால் கைலியும் நழுவாது, பணமும் நழுவாது. பழைய தமிழ்ப் படங்களில் 'பாய்' வேடம் என்றாலே கைலி, தொப்பி, இந்த பெல்ட் என்று மூன்றையும் மாட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அந்த பெல்ட்டின் வேலை தெரியாது. வங்கிக் கணக்கு இல்லாத ஒருவனுக்கு அதுதான் வங்கி. கப்பலின் டெக்கில் ஆயிரம் பேருக்கு நடுவில் படுத்துறங்க வேண்டியவனுக்கு அதுதான் இரும்புப் பெட்டி.

அந்தக் கப்பல்களின் பெயர் நம் வீடுகளில் இன்னும் புழங்குகிறது. 1926-ல் கட்டப்பட்ட ராஜுலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நம்மவர்களைச் சுமந்தது. பாட்டனார் அதில் வந்தபோது அவருக்கு வயது இருபதுக்குள். டெக் பயணம். ஒரு வாரக் கடல். இறங்கியவுடன் ஊருக்குள் விட்டுவிடவில்லை. இந்தியாவிலிருந்து வந்த டெக் பயணிகளைத் தொற்றுநோய்க்குப் பயந்து செயின்ட் ஜான்ஸ் தீவில் தங்கவைப்பார்கள்; பினாங்கில் இறங்கியவர்களுக்கு ஜெரஜாக் தீவு. உடுத்திய துணியைக் கழற்றி ஆவியில் போடச் சொன்னார்களாம். தோல் பெல்ட்டையும் போட்டால் சுருங்கிவிடும் என்று மன்றாடி, ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு பெல்ட்டைக் கையில் பிடித்தபடியே வெயிலில் நின்றதாகப் பாட்டனார் சொல்வார். உள்ளே இருந்தது ஊரில் வாங்கிய கடன் பணம். ஆக, உடம்பில் இருப்பதைக் கழற்று என்று நம்மவர்களிடம் சொன்னது விமான நிலையம்தான் முதல் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் காலத்துச் சோதனைக்கும் இந்தக் காலத்துச் சோதனைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சுங்க அதிகாரி தேடியது துணியும் தங்கமும். மருத்துவ அதிகாரி தேடியது நோய். இரண்டு பேரும் மனிதர்களாக முன்னால் நின்றார்கள். கெஞ்சலாம், விளக்கம் சொல்லலாம், ஊர்ப்பேச்சுப் பேசி இளக வைக்கலாம். சோதனை வாசலில் நிற்பது ஓர் இயந்திரம். அதனிடம் என்ன பேசுவது?

விமானம் நம்மவர்களுக்கு மெல்லத்தான் வந்தது. பாய லேபார் விமான நிலையம் திறந்தது 1955-ல் என்றாலும், அது அன்று முதலாளிமார் போகிற வழி. நம் சங்கம் தொடங்கிய நாள்களில்கூட சாதாரணக் கடை வேலைக்காரர் கப்பலில்தான் ஊருக்குப் போனார். ராஜுலா ஓய்ந்த பிறகு சிதம்பரம் கப்பல் இருந்தது. 1985 பிப்ரவரியில் அதில் நேர்ந்த தீ விபத்தோடு அந்தப் பயணமும் முடிந்தது. அதற்குள் 1981-ல் சாங்கி திறந்துவிட்டது. கைலி கட்டியவர்களும் கருகமணி போட்டவர்களும் மொத்தமாக விமானத்துக்கு மாறிய காலம் அதுதான். அவர்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கே அந்த வாசல் காத்திருந்தது.

அது ஏன் வந்தது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் உலகெங்கும் விமானக் கடத்தல் பெருகியது. அமெரிக்காவில் 1973 ஜனவரியில் எல்லாப் பயணிகளையும் சோதிப்பது கட்டாயமானது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. நம் பக்கத்திலேயே, 1977 டிசம்பர் 4-ஆம் நாள் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போன மலேசிய விமானம் கடத்தப்பட்டு ஜொகூரின் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்தது. நூறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 1991 மார்ச்சில் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் கடத்தப்பட்டு, மறுநாள் அதிகாலை சாங்கியில் படையினர் ஏறி எல்லாப் பயணிகளையும் மீட்டார்கள். 1999 டிசம்பரில் இந்திய விமானம் ஒன்று கந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, இந்திய விமான நிலையங்களின் பாதுகாப்பு மாநிலக் காவல்துறையிடமிருந்து மத்தியப் படையின் கைக்குப் படிப்படியாக மாறியது. இத்தனைக்குப் பிறகும், 'நம்மைத் தொல்லைப்படுத்தவே வைத்தார்கள்' என்று சிலர் பேசுவது எங்களுக்கு உடன்பாடில்லை. அந்த விமானங்களில் நம் பிள்ளைகளும்தான் ஏறுகிறார்கள்.

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்த காலத்தில் இந்த வாசல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டோம். டிப்ளோமா வாங்கிவிட்டுக் கடையில் உட்கார்ந்துவிட்டதாக உறவினர்கள் இன்றும் குறைசொல்வார்கள். படித்தது இதற்காவது உதவட்டும். வாசலின் இரு பக்கத் தூண்களிலும் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவை நொடிக்குப் பலமுறை காந்தப்புலத்தைத் துடிக்க வைக்கின்றன. நடுவே ஓர் உலோகம் வந்தால் அதற்குள் சிறு மின்சுழல் உண்டாகி, அது எதிர்ப்புலத்தைக் கிளப்புகிறது. அதை உணர்ந்துதான் மணி அடிக்கிறது. இரும்பு மட்டும்தான் மாட்டும், தங்கம் மாட்டாது என்று நம் பெண்கள் நம்புவது தவறு. வெள்ளியும் செம்பும் தங்கமும் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துபவை. அதனால் சிறிய வெள்ளித் தாயத்தும் சத்தம் போட வைக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலோகமே இல்லாதவரையும் இடையிடையே தற்செயலாகத் தேர்ந்து நிறுத்தும்படி இயந்திரத்தில் அமைக்க முடியும். நம்மை மட்டும் நிறுத்தினார்கள் என்று வருந்துகிற எல்லாரும் பெயரால் நிறுத்தப்பட்டவர்கள் அல்லர். சிலர் அப்படி நிறுத்தப்பட்டதும் உண்டு. 2001-க்குப் பிறகு சில ஆண்டுகள் வெளிநாட்டு விமான நிலையங்களில் நம் பெயரைக் கடப்பிதழில் வாசித்ததும் மாறிய முகங்களை எங்கள் அத்தாவும் பார்த்திருக்கிறார், நாங்களும் பார்த்திருக்கிறோம்.

இனி அந்த நாளைப் பற்றி. 2003. பாட்டனார், பாட்டியாருடன் பேரப்பிள்ளைகள் நாங்கள் மூவரும் ஊரிலிருந்து சிங்கப்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். எந்த விமான நிலையம் என்பது இங்கே தேவையில்லை. பாட்டனார் தம் பிடிவாதப்படி கைலியும் பச்சை பெல்ட்டும்தான். ஆண்கள் வரிசையில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போடச் சொன்னார்கள். அவர் ஒரு கையால் கைலியை இடுப்பில் பிடித்துக்கொண்டு வாசலைக் கடந்தார். கடந்த பிறகும் பெல்ட் வந்து சேரவில்லை. அதன் பைகளில் இருந்த பழைய வெள்ளி நாணயங்களை யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டியார் பெண்களுக்கான திரைக்குள் போனார். கைக்கருவி கழுத்தருகே ஒலித்தது. உள்ளே என்ன என்று பெண் காவலர் கேட்டார். கருகமணி என்றார் பாட்டியார். கழற்றுங்கள் என்றார் காவலர். இப்போதைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: எங்கள் ஊர் வழக்கத்தில் நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் சகோதரி மணப்பெண்ணின் கழுத்தில் கட்டுவது அது. கருமணிகளுக்கு இடையிடையே பொன்மணி கோத்திருக்கும். கணவர் இருக்கும்வரை கழற்றுவதில்லை என்பது அந்தத் தலைமுறைப் பெண்களுக்குச் சட்டம் மாதிரி. மார்க்கத்தில் அப்படி எதுவும் இல்லை என்று ஆலிம்கள் சொல்வார்கள். பாட்டியாருக்கும் அது தெரியும். தெரிந்தாலும் ஐம்பது ஆண்டுகள் கழற்றாத ஒன்று அது.

"அவுக மவுத்தானாத்தான் இதைக் கழட்டுவேன்" என்று பாட்டியார் சொன்னது திரைக்கு வெளியே எல்லார் காதிலும் விழுந்தது. வரிசை நின்றது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அப்போது பாட்டனார், கைலியை இரண்டு கையாலும் பிடித்தபடி, திரையருகே வந்து சொன்னார்: "இந்தா புள்ள, நான் இங்கனதான் நிக்கிறேன். உசுரோடதான் இருக்கேன். கழட்டு, ஒண்ணும் ஆவாது."

காவலர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். பாட்டியார் சிரிக்கவில்லை.

கருகமணியைத் தட்டில் வைக்கத் தெரியாமல் கைக்குட்டையில் சுற்றி நேரே ஓடும் பட்டையில் வைத்துவிட்டார். மறுமுனையில் உருளைகளின் இடுக்கில் நூல் சிக்கி அறுந்தது. கருமணிகள் தரையெல்லாம் ஓடின. எங்கள் ராத்தாவும் அந்தப் பெண் காவலருமாகக் குனிந்து பொறுக்கினார்கள். பொன்மணிகள் எல்லாம் கிடைத்தன. கருமணிகளில் சில கிடைக்கவே இல்லை. விமானத்தில் நான்கு மணி நேரமும் பாட்டியார் வெறுங்கழுத்தைத் துப்பட்டியால் மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டனாரின் கையை விடாமல் பிடித்திருந்தார். அவர்கள் இருவரும் பிள்ளைகள் முன் கைபிடித்து நாங்கள் பார்த்தது அந்த ஒரு முறைதான். மறுநாள் சிராங்கூன் சாலையில் கருமணி வாங்கிச் சேர்த்துக் கோத்துக் கொடுத்தோம். புதிய மணிகள் கொஞ்சம் பளபளப்பு அதிகம். காட்சியில் உற்றுப் பார்ப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

யாரைக் குறைசொல்வது? அந்தக் காவலர் தம் வேலையைச் செய்தார், பிறகு தரையில் முழங்காலிட்டு மணியும் பொறுக்கினார். கழுத்தில் இருப்பதைக் கழற்றாமலே கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் சோதிக்கக் கேட்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அன்று கேட்டிருப்போமா என்பது சந்தேகம். அதிகாரி முன்னால் வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை என்று டெக் பயணிகளிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடம் அது.

அதன் பிறகு வந்த மாற்றங்களை எங்கள் கடைக் கணக்கிலேயே பார்க்கலாம். பச்சை பெல்ட்டைக் கேட்டு வருபவர்கள் அநேகமாக நின்றுவிட்டார்கள். இஹ்ராம் பெல்ட் மட்டும் இன்னும் விற்கிறது. முன்பு அதற்கும் பெரிய உலோகக் கொக்கி இருந்தது. ஜித்தாவுக்கு நேரே போகும் ஹாஜிகள் மீக்காத் எல்லையைக் கடக்கும் முன் இஹ்ராம் கட்டியாக வேண்டும் என்பதால் பலர் இங்கிருந்தே கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். தைக்காத இரண்டு வெள்ளைத் துணிதான் உடை. அதைப் பிடித்து நிறுத்துவதே அந்த பெல்ட். அதைக் கழற்று என்றால் ஒரு முதியவரின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். திரும்பி வந்த ஹாஜியார் ஒருவர் கடையிலேயே நின்று எங்கள் அத்தாவைக் கடிந்துகொண்டார். அதிலிருந்து பிளாஸ்டிக் கொக்கி வைத்ததையும் ஒட்டுப்பட்டை வைத்ததையும் மட்டுமே தருவிக்கிறோம். மேல்துணியில் குத்தும் ஊசிகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், வாசலைக் கடந்து குத்திக்கொள்ளலாம் என்று சொல்லியே விற்கிறோம்.

பெண்களின் தலைத்துணி ஊசிக்குப் பதில் காந்தப் பொத்தான் வந்தபோது, இனிச் சத்தம் வராது என்று பலர் வாங்கினார்கள். காந்தமும் உலோகம்தானே! அதுவும் ஒலிக்கலாம். பாஜு மெலாயுவுக்குப் போடும் ஐந்து பொத்தான்களும் அப்படித்தான். பெருநாள் அன்று காலை தொழுதுவிட்டு அப்படியே விமானம் ஏறும் இளைஞர்கள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். சொங்கோக்கில் உலோகம் இல்லை, ஆனாலும் கழற்றிக் காட்டச் சொல்வார்கள். அது ஒரு விஷயமே இல்லை. 2007-ல் திரவங்களுக்கு 100 மில்லி லிட்டர் வரம்பு வந்தபோது அத்தர் குப்பி தப்பியது, கைப்பையில் வைத்த ஜம்ஜம் புட்டி தப்பவில்லை. குழந்தைகளின் வெள்ளி அரைஞாணும் தாயத்தும் தனிக்கதை. தாயத்துக் கட்டலாமா கூடாதா என்ற வாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் தூங்கும் குழந்தையின் சட்டையைத் தூக்கி அரைஞாணைத் தேட வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டு, அதை ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்த தாய்மார் பலர். எந்த பயானும் செய்யாததை இயந்திரம் செய்துவிட்டது.

இப்போது பல இடங்களில் வேறொரு இயந்திரம் வந்திருக்கிறது. இரண்டு கையையும் உயர்த்தி நிற்கச் சொல்லும் கூண்டு. அது உலோகத்தைத் தேடுவதில்லை. உடம்புக்கும் துணிக்கும் இடையில் தடிப்பாக எது இருந்தாலும் ஒரு பொம்மைப் படத்தில் கட்டம் போட்டுக் காட்டும். கைலியின் இடுப்பு மடிப்பும், தலைத்துணிக்குள் இருக்கும் கொண்டையும், சேலைக் கொசுவமும் அதற்குச் சந்தேகப் பொருள்கள். உலோகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் இதற்குத் தப்ப முடியாது. அதனால் என்ன கேட்கலாம் என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெண்ணைப் பெண் அதிகாரிதான் தொட்டுச் சோதிக்க வேண்டும், தனியறை வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளில் கேட்கலாம். கேட்டால் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்காக முன்கூட்டியே வரிசைக்குப் போய்விட வேண்டும். கேட்பதைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே, ஒலி எழுவதற்கு முன்பே கேட்க வேண்டும். பிறகு கேட்டால் மறுப்பது போலத் தோன்றும். உம்ரா குழு கிளம்பும்போதெல்லாம் சங்கத்தில் நடக்கும் விளக்கக் கூட்டத்தில், தடுப்பூசி, பண மாற்று இவற்றோடு இதையும் பத்து நிமிடம் சொல்லலாம் என்று செயலவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. இன்றைய மணப்பெண்கள் நிக்காஹ் முடிந்த வாரமே கருகமணியைக் கழற்றி வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடுகிறார்கள். தேனிலவுக்கு விமானம் ஏற வேண்டும், வாசலில் வம்பு வேண்டாம் என்பது காரணம். திரும்பி வந்து எடுத்துப் போடுபவர்கள் குறைவு. போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். மார்க்கக் கடமையும் இல்லை. ஆனால் ஒரு வழக்கத்தை வேண்டாம் என்று முடிவுசெய்து விடுவது வேறு, வரிசையில் நிற்கச் சோம்பி விடுவது வேறு.

பாட்டனார் 2011-ல் வஃபாத்தானார். அன்று மாலை பாட்டியார் தாமாகவே கருகமணியைக் கழற்றி, பச்சை பெல்ட்டின் பையில் போட்டு மூடிக் கொடுத்தார். காட்சிக்காக எடுக்கும்வரை அது அப்படியேதான் இருந்தது.

சென்ற ஆண்டு உம்ராவுக்குப் போன எங்கள் அம்மா வரிசையில் தம் முறை வரும் முன்பே அதிகாரியிடம் சென்று, கழுத்தில் திருமணச் சங்கிலி இருக்கிறது, கழற்ற விருப்பமில்லை, தனியறையில் பாருங்கள் என்று சொன்னார். மலாயிலும் ஆங்கிலத்திலும் நாங்கள் எழுதிக் கொடுத்திருந்ததை மூன்று நாள் மனப்பாடம் செய்திருந்தார். பெண் அதிகாரி உள்ளே அழைத்துப்போய்ப் பார்த்தார். நான்கைந்து நிமிடம் ஆனது. வெளியே வந்த அம்மா, அந்த அதிகாரி மணிகளின் பெயரைக் கேட்டதாகவும், 'கருகமணி' என்பதை இரண்டு முறை சொல்லிப் பார்த்ததாகவும் அத்தாவிடம் சொன்னார். அத்தா அந்நேரம் பிளாஸ்டிக் கொக்கி மாட்டிய தம் இஹ்ராம் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.